ஒரு நூல் இடைவெளி

"ஹால்ட்"னு சொல்லிட்டான் ரெஃப்ரி தம்பி. அப்பாடா, மாஸ்க்கைக் கழட்டுனதும் மூஞ்சில காத்து வந்து அடிக்குது பாரு, இந்தக் காத்துக்கே ஒரு கும்பிடு போடலாம். திருச்சி மே மாசம், இன்டோர் ஸ்டேடியம்னு பேரு, மேல தகரக் கூரை, ஃபேன் ஓடுது, அதுல பாதி சுத்துற மாதிரி நடிக்குது. உடம்புல முதல்ல பனியன், அதுக்கு மேல பிளாஸ்டிக்ல மார்புக் கவசம், அதுக்கு மேல ஒரு உள்சட்டை, அதுக்கு மேல கெட்டித் துணியில வெள்ளைக் கோட்டு, இத்தனையையும் மாட்டிக்கிட்டு நாப்பத்தாறு வயசுல ஃபென்சிங் போட வந்து நிக்கிறா உறையூர் கோமளா, ஜாக்கெட் தைக்கிற கோமளா. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். இப்போ ஒரு நிமிஷம் இடைவேளை. ஸ்கோர் ஒம்போதுக்கு ஒம்போது. நாப்பது தாண்டுனவங்க போட்டின்னா பத்துல முடிச்சுடுவாங்க, ஆக இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், அதை எடுக்கிறவ மாநில அணியில தேசியப் போட்டிக்குப் போறா, விட்டவ பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறா. எனக்குப் போகணும். ஆசை இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ராத்திரி படுக்கையில அந்த ரயில்ல ஏறி உக்காந்து ஜன்னலோரத்துல புளிசாதம் தின்னு பாத்தாச்சு. ஆனா எதிர்ல நிக்கிறாளே இசக்கியம்மா, தென்காசிக்காரி, ஸ்கூல்ல பி.டி. டீச்சரு, அவ என்மேல பாவப்பட்டு விட்டுக்குடுக்கிறாளோன்னு ஒரு முள்ளு தொண்டையில மாட்டிக்கிட்டு இருக்கு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அப்படி விட்டுக்குடுத்த பாயிண்ட்ல நான் ரயில் ஏறுனா அந்தப் புளிசாதம் இறங்குமா எனக்கு.

ஏன் அப்படித் தோணுதுன்னா, காலையில லீக் ரவுண்டுல இதே இசக்கி என்கூட ஆடுனா. நேரா வந்து வலது மார்புல ஒரு குத்து விட்டா பாரு, கவசம் டக்குனு சத்தம் போட்டுச்சு, அவ பக்கத்து லைட்டு பளிச்சுனு எரிஞ்சுது. அந்தக் கவசத்துல ரெண்டு குழி இருக்கும். என் இடது குழியில ஆள் இருக்கு, வலது குழியில ஆள் இல்ல, இலவம்பஞ்சு அடைச்சு நானே தைச்ச ஒரு பொட்டலம் இருக்கு. நாலு வருஷம் ஆகுது எடுத்து. கட்டின்னு போனேன், புத்துநோய்னாங்க, ஒரு பக்கத்தை எடுத்தாத்தான் ஆள் தங்கும்னாங்க, எடுத்தாங்க, ஆள் தங்கிட்டா. கத்தி பிடிச்ச அந்த டாக்டரம்மா மகராசியா இருக்கணும். இந்த ஃபென்சிங் கூட்டத்துல இது ஒருத்தருக்கும் தெரியாது, நான் வீட்டுலயே உடுப்பு மாத்திக்கிட்டு சைக்கிள்ல வந்துடுவேன், அதுனால எல்லாரும் என்னைக் குத்துவாங்க, நல்லா குத்துவாங்க, தொடையில, கையில, நெஞ்சுல, நீலம் பாரிச்சுப் போயிடும். காலையில அவ குத்துனப்போ மாஸ்க்குக்குள்ள நான் பல்லைக் காட்டிக்கிட்டு சிரிச்சேன். அப்புறம் மத்தியானம் வேர்வையில ஊறிப்போன பனியனை மாத்தலாம்னு அந்த ரூமுக்குப் போனேன், கதவுல தாழ்ப்பாள்னு ஒண்ணு இருக்கு, தொட்டா கையோட வந்துடும், சரி யாரு வரப் போறான்னு பனியனைக் கழட்டிட்டு பொட்டலத்தைப் பிழிஞ்சுக்கிட்டு நிக்கிறேன், கதவைத் தள்ளிக்கிட்டு இசக்கி வந்து நிக்கிறா. பாத்தா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாங்கல்ல, போகல, நின்னு பாத்தா, அப்புறம் "யக்கா, இங்ஙன சோப்பு கெடக்கா?"ன்னா. கெடக்குன்னேன். எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நடந்தது அவ்வளவுதான். ஆனா இந்த ஆட்டத்துல அவ வாள் முனை ரெண்டு தடவை என் வலது பக்கமா வந்துச்சு, ரெண்டு தடவையும் கோட்டுத் துணியைத் தொடாம நின்னுடுச்சு. எவ்வளவு இடைவெளிங்கிற? எங்க தொழில்ல சொன்னா ஒரு நூல். டேப்புல அரைக்கால் இஞ்சு. அந்த ஒரு நூலை என் கண்ணு நல்லா பாத்துச்சு, தையக்காரி கண்ணு பொய் சொல்லாது.

"மேடம் தண்ணி"ன்னு நீட்டுறாரு அல்ஃபோன்ஸ் சார், எங்க கோச்சு, என்னைவிட சின்னவரு, மேடம் மேடம்னு சொல்லியே வேலை வாங்கிடுவாரு. "அவங்க டயர்டு ஆயிட்டாங்க மேடம், கை இறங்குது, பாத்தீங்கல்ல, முன்னால போங்க." பாத்தேன் சார், பாத்தேன், நான் பாத்தது உங்களுக்குத் தெரியல. தண்ணி ஜில்லுனு இறங்குது. நின்னு போற வாளை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பதினாலு வயசுல இருந்து அதுதானே என் பொழப்பு. சிலம்பக் குழுவுல நானும் வேம்பும்தான் ஜோடி, வேம்பு கீரைக்கடை வச்சிருக்கா, கம்பு முடிச்சு கடைசியா வாள் வீச்சுக்கு எங்களைத்தான் கூப்பிடுவாங்க. நிஜ வாளு, ஆளுக்கு ரெண்டு, சாணை பிடிச்சது. வேம்பு மல்லாந்து படுத்துக்குவா, கழுத்து மேல ஒரு வெள்ளரிக்காய், என் கண்ணுல கறுப்புத் துணி, மேளக்காரன் வாசிப்பான் பாரு நெஞ்சு அதிர அதிர, நான் ஓங்கி இறக்குவேன், காய் ரெண்டாப் போகும், கழுத்துல கோடு விழாது. அந்த வித்தை முழுக்க அதுலதான் இருக்கு, எங்க நிறுத்துறதுங்கிறதுல. வீசுறது கழுதை கூட வீசும். காய்க்கும் தோலுக்கும் நடுவுல ஒரு நூல், அதுல கை நிக்கணும், புத்தி சொல்லி நிக்கிறது இல்ல, கை தானா நிக்கணும். ஜனம் கை தட்டும், வேம்பு எந்திரிச்சு அந்தக் காயை உப்புப் போட்டுத் தின்னுடுவா. கோயில் திருவிழால தண்ணிப் பந்தல் பக்கத்துல ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி கடிச்சுக்கிட்டு நிப்போம். நல்லவ. அவ கழுத்தை நம்பிக் குடுத்தா, ஒரு நாளு கண்ணு சிமிட்டுனது இல்ல.

இங்க எல்லாம் தலைகீழ். இங்க நிறுத்துனா நீ தோத்த. எப்பேன்னு பேரு இந்த வாளுக்கு, மூணு பக்கம் பட்டை, வெட்டாது, முனையில சின்னதா ஒரு பட்டன், அது எதிராளி உடம்புல போய் அமுங்கணும், தலையோ காலோ கட்டை விரலோ, எங்க வேணா. அமுங்குனா வயர் வழியா கரண்டு போயி பெட்டியில லைட்டு. முதுகுல வயரைக் கட்டிக்கிட்டு முன்னாலயும் பின்னாலயும் மட்டும் போய் வரணும், செக்கு மாடாவது சுத்தி வரும், இதுல அதுவும் கிடையாது. சேர்ந்த புதுசுல எனக்கு அழுகையே வந்துடுச்சு. சிலம்பத்துல கால்தான் எல்லாம், வட்டம் போட்டு வட்டம் போட்டு ஆடுன கால் இது, ஒரு நாளு பயிற்சி ஆட்டத்துல பழக்க தோஷத்துல ஒரு முழுச் சுத்து சுத்தி அதே வேகத்துல போய் குத்திட்டேன், ஆகா நம்ம வித்தையைக் காட்டிட்டோம்னு நிமிர்ந்தா மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டுறாங்க. எதிராளிக்கு முதுகைக் காட்டக் கூடாதாம், குத்துனதும் செல்லாதாம். அடப்பாவிகளா, முதுகைக் காட்டாம எப்படிடா சுத்துறது. அதை விடு. பெரிய வேடிக்கை வேற. ஆறு மாசம், ஒரு லைட்டு எரியல எனக்கு. போவேன், முனை போகும், அழகாப் போகும், நெஞ்சுக்கு முன்னால போய் நின்னுடும். ஒரு நூல். அல்ஃபோன்ஸ் சார் தலையில அடிச்சுக்குவாரு, "தொடுங்க மேடம், தொடுங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, கோட்டு போட்டிருக்காங்க, தொட்டாத்தான் மேடம் பாயிண்டு." எனக்குத் தெரியும் சார், கைக்குத் தெரியலையே. கை வெள்ளரிக்காயை நினைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு தடவை போன்ல ஜப்பான்காரங்க சண்டையைக் காட்டுனாரு, மூங்கில் வாளு, பாவாடை மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டு, அடிக்கிறப்போ தொண்டை கிழியக் கத்துறாங்க, அடிச்சு முடிச்சதும் அடங்கிடுறாங்க, ஜெயிச்ச சந்தோஷத்துல ஒருத்தன் கையை முறுக்கித் தூக்கிட்டான்னா குடுத்த பாயிண்டையே பிடுங்கிடுவாங்களாம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. இங்க அப்படியா, ஒரு பாயிண்ட் எடுத்துட்டு சின்னப் பிள்ளைங்க மாஸ்க்கைக் கழட்டிப் போட்டுட்டு லாட்டரி விழுந்த மாதிரி கத்துதுங்க. முதல்ல எரிச்சலா இருந்துச்சு, இப்போ நானும் கத்துறேன், சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருக்கு.

நான் ஏன் இங்க வந்தேன்னு வேம்புக்கு இன்னும் கோபம். அவகிட்ட எப்படிச் சொல்றது. ஆபரேஷன் முடிஞ்சு, அந்த ஊசி மருந்து, கரண்டு ட்ரீட்மென்டெல்லாம் முடிஞ்சு, தலையில முடி குத்துக் குத்தா முளைச்சு, ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். கம்பை எடுத்தேன், வலது கை தோளுக்கு மேல போகல, இடது கையில எடுத்தேன். ரெட்டை வாள் ஆடுனவளுக்கு இடது என்ன வலது என்ன, இந்த இடது கை இருக்கே, இதுக்குத் தினம் எண்ணெய் தடவி முத்தம் குடுக்கணும், அன்னைக்கு அது சொன்ன பேச்சு கேட்டுச்சு. வேம்பு எதிர்ல நிக்கிறா. கம்புச் சண்டையில தொடுறது உண்டு, நுனியில சாந்து தடவிக்குவோம், பட்ட இடத்துல பொட்டு விழும். வேம்பு கம்பு வருது, வந்து ஒரு சாண் தள்ளி நிக்குது. திரும்ப வருது, ஒரு சாண். ஒரு நூல் இல்ல, ஒரு சாண். ஆட்டம் முடிஞ்சு குனிஞ்சு பாக்குறேன், என் சேலையில ஒரு பொட்டு இல்ல. அவ சேலையெல்லாம் பொட்டு. "நல்லா ஆடுற கோமளா, அப்படியே இருக்கடி"ன்னு கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சொல்றா. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். வேம்பு மட்டுமா. எங்க வீட்டுக்காரரு சிதம்பரநாதன் இருக்காரே, தங்கமான மனுசன், இன்னைக்கு வரைக்கும் காலைக் காப்பி அவர்தான் போடுறாரு, ஆனா நான் கோபப்பட்டுக் கத்துனா கூட பதில் கத்த மாட்டேங்கிறாரு, "சரிம்மா சரிம்மா"ங்கிறாரு, முன்னாடியெல்லாம் தட்டு பறக்கும் எங்க வீட்டுல. கடைக்கு வர்ற பொம்பளைங்க இருக்காங்களே, அளவு ஜாக்கெட்டைக் குடுத்துட்டு, முன்னெல்லாம் "என்ன கோமளா இப்படித் தூக்கிட்ட, என் வீட்டுக்காரர் பாத்தா என்ன நினைப்பாரு"ன்னு சண்டைக்கு வருவாங்க, இப்போ தோள் இறங்கியிருந்தாலும் "பரவால்லக்கா, நல்லாத்தான் இருக்கு"ன்னு போட்டுக்கிட்டுப் போறாங்க. நான் டேப்பை நெஞ்சுல சுத்துனா அவங்க கண்ணு சுவத்துக் காலண்டரைப் பாக்குது. எல்லாரும் நல்லவங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் கடன்பட்டிருக்கேன், சமைச்சுக் கொண்டாந்து போட்டாங்க, ஆஸ்பத்திரி வராண்டாவுல பாய் போட்டுப் படுத்தாங்க, நன்றி கெட்டவளா நான், இல்ல, கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா எல்லாரும் என்னை நெருங்கி வந்து வந்து நின்னுடுறாங்க. என்னைத் தொட ஆள் இல்லாம போச்சு. இந்த ஸ்டேடியம் வழியா போறப்போ ஒரு நாள் ஜன்னல்ல எட்டிப் பாத்தேன், ரெண்டு பொண்ணுங்க மூஞ்சியே தெரியாம மூடிக்கிட்டு ஒருத்தியை ஒருத்தி தயவு தாட்சண்யம் இல்லாம குத்திக்கிட்டு இருந்தாங்க. சைக்கிளை நிறுத்திட்டு உள்ள போயிட்டேன்.

அதுனாலதான் சொல்றேன், இந்தப் பெட்டியை நான் சாமி மாதிரி கும்பிடுறேன். அதுக்கு யாரையும் தெரியாது. பட்டன் அமுங்குச்சா இல்லையா. கவசத்துக்குள்ள மார்பு இருக்கா பஞ்சு இருக்கான்னு அது கேக்கல. முதல் முதலா ஒரு காலேஜ் பொண்ணு என் வலது பக்கத்துல குத்தி லைட்டு எரிஞ்சப்போ உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு எனக்கு, அட, அங்கயும் நான் இருக்கேன்டான்னு. அந்த இடத்துல தோலுக்கு உணர்ச்சி கிடையாது, மரக்கட்டை, குத்துனது எனக்குத் தெரியல, லைட்டு சொல்லித்தான் தெரிஞ்சுது. இப்போ இசக்கி பாத்துட்டா. இந்த ஒரு இடம்தான் மிச்சம் இருந்துச்சு, இங்கயும் ஒருத்திக்குத் தெரிஞ்சுடுச்சு, அவ பக்கத்துல இருக்கிறவகிட்ட சொல்லுவா, அவ இன்னொருத்திகிட்ட உச்சுக் கொட்டுவா, நாளைக்கு இந்த ஹால்ல என் நெஞ்சுக்கு நேரா வர்ற ஒவ்வொரு முனையும் ஒரு சாண் தள்ளி நிக்கும். பயமா இருக்கு. ஆமா, பயம்தான், எதுக்கு மூடி மறைக்கணும். மொட்டைத் தலையோட கண்ணாடி பாத்தப்போ கூட இவ்வளவு பயப்படல. எட்டுக்கு அஞ்சுல நான் பின்னால இருந்தேன், அப்புறம் வரிசையா நாலு எனக்கு, ஒண்ணு அவளுக்கு, அந்த நாலும் நான் எடுத்ததா அவ குடுத்ததா? முதல்ல எடுத்தது அவ மணிக்கட்டு, சுத்தமான பாயிண்ட், அதை நானே எடுத்தேன். அடுத்தது அவ தோளு. அவ முனை என் நெஞ்சு வரைக்கும் வந்து நின்னுச்சு, நின்ன நேரத்துல நான் தோள்ல தொட்டேன். நின்னா. நின்னாதானே? மூணாவது என்னன்னே ஞாபகம் இல்ல, நாலாவது திரும்பவும் வந்து நின்னா. அப்போ ரெண்டு குடுத்திருக்கா. ரெண்டு பிச்சை. இல்ல, ஒருவேளை நான் வேகமா இருந்தேனோ? கோமளா, உன் வயசுக்கு நீ வேகமாடி? திரும்பத் திரும்ப அதே இடத்துல போய் நிக்குது புத்தி, மிஷின்ல நூல் சிக்குன மாதிரி, மிதிக்க மிதிக்க அடியில கொத்தா சுருண்டுக்கிட்டே போகுது. நூல் சிக்குனா மிதிக்கக் கூடாது, நிறுத்திட்டு ஊசியைத் தூக்கணும், இது கூடத் தெரியாதா உனக்கு.

"மேடம், எங்க போறீங்க, மேடம்!"ங்கிறாரு அல்ஃபோன்ஸ் சார். முதுகுல வயர் இழுத்துக்கிட்டே வருது, நடுக்கோடு வரைக்கும் போயிட்டேன். ரெஃப்ரி தம்பி என்னையும் கடிகாரத்தையும் மாத்தி மாத்திப் பாக்குறான். இசக்கி அந்தக் கடைசியில குத்துக்கால் வச்சு உக்காந்து ஷூ லேஸைக் கட்டிக்கிட்டு இருக்கா, மூஞ்சியெல்லாம் ரத்தமாச் சிவந்து கிடக்கு. இசக்கின்னேன். நிமிர்ந்தா. "என்னக்கா?" இங்க வா ஒரு நிமிஷம். வந்தா, எந்திரிக்கவே முனகிக்கிட்டு வந்தா. மத்தியானம் பாத்தியான்னு கேட்டேன், மெதுவாக் கேக்கணும்னு நினைச்சு சத்தமாக் கேட்டுட்டேன். "பாத்தேன்"ன்னா. அதான் குத்த மாட்டேங்கிறியா, பாவம்னு நினைச்சியா, ரெண்டு தடவை வந்து நின்னியே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பொரிஞ்சு தள்ளுறேன். அவ என் மூஞ்சியவே பாக்குறா, அப்புறம் சிரிக்கிறா பாவி, வெக்கப்பட்டுச் சிரிக்கிறா. "ஏ யக்கா, மெதுவாப் பேசுங்க, எங்க கோச்சு காதுல விழுந்துச்சுன்னா என்னைக் கொன்னே போடுவாரு. களைச்சுப் போனா என் கை நின்னுருதுக்கா. எங்க ஊர்ல அம்மன் கோயில் கொடையில கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும் நாந்தான் வாள் வீசுவேன். எலுமிச்சம்பழத்தை எங்க மதினி தலையில வச்சு வெட்டுவேன்லா. அந்தப் பழக்கம் போக மாட்டேங்கு. தெம்பு இருக்க வரைக்கும் ஒழுங்காக் குத்துதேன், மூச்சு வாங்க ஆரம்பிச்சா கை அது பாட்டுக்கு மதினி தலையில கொண்டு போயி நிறுத்திருது. நானும் என்னத்தச் செய்ய?" எலுமிச்சம்பழமா, நீ எலுமிச்சம்பழமான்னேன். "ஆமாக்கா. நீங்க?" வெள்ளரிக்காய்னேன். "வெள்ளரிக்காயா, அது லேசுல்லா"ங்கிறா, திமிரு பாரு. கழுத்துலடி, கண்ணைக் கட்டிக்கிட்டுன்னேன். "எம்மாடி"ன்னு வாயில கை வச்சுக்கிட்டா. ரெஃப்ரி தம்பி விசிலடிக்காத குறையா கூப்பிடுறான், ரெண்டு பேரும் மாஸ்க்கை மாட்டுங்கம்மான்னு.

மாஸ்க்குக்குள்ள இருட்டு, வலைக்குள்ள என் மூச்சே எனக்குச் சுடுது. சிரிப்பு அடங்க மாட்டேங்குது. ஆறு மாசம் என் கையும் அப்படித்தானே போய்ப் போய் நின்னுச்சு, அது எனக்குத் தோணலையே, அவ கை நின்னதும் நேரா பாவத்துக்குப் போயிட்டேனே, என்ன புத்தியோ. எலுமிச்சம்பழம், சாமி. ஆனா மனசோட இன்னொரு மூலையில ஒருத்தி உக்காந்துக்கிட்டு, சும்மா சமாளிக்கிறாடி அவ, உன் மனசு நோகாம இருக்கப் பழக்க தோஷம்னு கதை விடுறா, பாக்கலாம் குத்துறாளான்னு கிண்டிக்கிட்டே இருக்கா. சரி பாப்போம். "ஆன் கார்ட்." கால் ஊணியாச்சு. "ப்ளே." வர்றா. கடிகாரம் பாக்கத் தேவையில்ல, மூணு நிமிஷம் முழுசா இருக்கு. இப்போ தெம்போட வர்றா, இடைவேளை அவளுக்கும் சேர்த்துத்தானே, பின்னால போ, போ, கையை உள்ள வச்சுக்கோ, அவ முனை எங்க இருக்கு, வலது பக்கம் பாக்குதா, பாக்குது, அங்கதான் வருது, நெஞ்சை மூடு, மூடிட்டேன், அவ மணிக்கட்டு தெரியுது, போ, போயிட்டேன், என் முழங்கையில சுரீர்னு ஒண்ணு, ரெண்டு லைட்டும் எரியுது. ஒரே நேரத்துல தொட்டிருக்கோம். மத்த நேரம்னா ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு, கடைசிப் பாயிண்ட்ல செல்லாது, திரும்ப ஆடணும். தொட்டுட்டா. ஆனா முழங்கை. முழங்கையை யாரு வேணாலும் தொடுவாங்க. நெஞ்சுக்கு வாடி, தைரியம் இருந்தா நெஞ்சுக்கு வா. "ஆன் கார்ட்." வேர்வை கண்ணுல எரியுது, துடைக்க முடியாது. "ப்ளே." முன்னால போறேன் இந்தத் தடவை, அவ பின்னால போறா, இன்னும் முன்னால, அவ முனை மேல எந்திரிக்குது, என் வலது மார்புக்கு நேரா வருது, பாரு வருது, நிக்குமா, நிறுத்துவாளா, கை என்னையறியாம உள்ள ஓடி நெஞ்சைப் பொத்துது, அந்த முனை பொசுக்குனு காணாமப் போச்சு, எங்க, எங்கடின்னு தேடுறதுக்குள்ள முட்டியில ஒரு இடி, கால் சில்லுல, உச்சந்தலை வரைக்கும் போச்சு வலி. ஒரே ஒரு லைட்டு. அவளுது.

கத்துறா. அவ ஊரே கேக்குற மாதிரி கத்துறா, கையை முறுக்கிக்கிட்டு, ஜப்பான்காரன் பாத்தா பாயிண்டைப் பிடுங்கியிருப்பான். நான் குனிஞ்சு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். போச்சு, ரயில் போச்சு, ஜன்னல் சீட்டு போச்சு, புளிசாதம் போச்சு. அழுகை வருதா? வருது, வரட்டும். அல்ஃபோன்ஸ் சார் தலையில கை வச்சுக்கிட்டாரு. வாளைத் தூக்கி வணக்கம் வச்சேன், ரெஃப்ரிக்கு, அவளுக்கு, யாரோ ரெண்டு பேர் கை தட்டுறாங்க, அவங்களுக்கும். மாஸ்க்கைக் கழட்டிட்டு கை குடுக்க வந்தா இசக்கி, கை குடுக்காம கட்டிப் பிடிச்சுக்கிட்டா, ரெண்டு கவசமும் இடிச்சு டக்குனுச்சு. ஏன்டி முட்டியில குத்துனன்னு கேட்டேன். "பின்ன எங்க குத்த? ஆட்டம் தொடங்குனதுல இருந்து பாக்கேன், நீங்க நெஞ்சையே பொத்திக்கிட்டு நிக்கிய. காலு அது பாட்டுக்குச் சும்மா கெடக்கு. மேல ஒரு போக்குக் காட்டுனா கை தன்னால மேல போயிருது, கீழ குத்திருவோம்னு இடைவேளையில எங்க கோச்சுகிட்ட சொன்னேன். கால்னா கை நிக்காது பாத்தீயளா, பழம் தலையிலதான இருக்கும்." நான்தான். காலையில இருந்து, காலையில இருந்து என்ன, நாலு வருஷமா அங்கயே கையை வச்சுப் பொத்திக்கிட்டு நிக்கிறது நான்தான், இவ அதைப் பாத்தா, பாத்துட்டு ஐயோ பாவம்னு நினைக்கல, அட, கால் சும்மா கெடக்குன்னு நினைச்சிருக்கா. எல்லாம் தெரிஞ்ச பிறகும் கணக்குப் போட்டு என்னை ஏமாத்தி, ஜெயிச்சு, ரயிலையும் பிடுங்கிக்கிட்டுப் போறா. தென்காசி அம்மனே, எந்த அம்மனா இருந்தாலும் சரி, இவளை நல்லா வையி, இவ பிள்ளைங்களை நல்லா வையி. "வலிக்காக்கா?"ன்னு குனிஞ்சு முட்டியைத் தொட்டுப் பாக்குறா, வீங்க ஆரம்பிச்சுடுச்சு. வலிக்குதுடி படுபாவி, உயிர் போகுதுன்னு நாலு பேர் திரும்பிப் பாக்குற மாதிரி கத்துனேன். "அப்படியா, ரொம்பத்தான், வெள்ளரிக்காய் வெட்டுனவளுக்கு இது தாங்காதோ"ன்னு அவளும் திருப்பிக் கத்துனா.